18 வயது ஆகிவிட்டால் வீட்டில் யாரையும் கேட்க வேண்டாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு ஊர் காரைக்குடிப் பக்கம், படிப்பது பிளஸ் டூ, 18 ஆக இன்னும் நான்கு மாதம். வண்டிச் சாவி, ஃபோன், எந்தக் கல்லூரி என்பது வரை எல்லாம் அப்பச்சி (அப்பா) சொல்படிதான். "என் வீட்டில் இருக்கும் வரை என் பேச்சுதான்" என்கிறார். 18 முடிந்த அன்றிலிருந்து சட்டப்படி யாரும் என்னைக் கட்டுப்படுத்த முடியாது, சரிதானே என்று கேட்டிருக்கிறார்.

பாதி சரி, தம்பி. மீதிப் பாதி தெரியாமல் பிறந்த நாளன்று வீட்டில் சண்டையைத் தொடங்கினால் தோற்பது நீங்களாகத்தான் இருக்கும்.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். மேஜர் வயதைச் சொல்லும் சட்டம் 1875இல் வந்தது, இன்றும் நடப்பில் உள்ளது. பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும், 18ஆவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே ஒருவர் மேஜர் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2008 ஜூன் 15 மாலை பிறந்தவர் 2026 ஜூன் 15 பிறக்கும்போதே மேஜர். மாலை வரை காத்திருக்க வேண்டாம். ஜாதக நட்சத்திரப்படி வரும் பிறந்த நாள் எதற்கும் செல்லாது. வீட்டில் ஐயா (அப்பச்சியின் அப்பா) "21 ஆகட்டும்" என்று சொன்னால் அவர் சும்மா சொல்லவில்லை. அவர் வாலிபத்தில் ஓட்டு வயது 21தான். அரசியல் சாசனத்தின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த பிறகே 18 ஆனது. நீதிமன்றம் கார்டியன் வைத்த பிள்ளைகளுக்கு 1999 வரை மேஜர் வயதே 21ஆகத்தான் இருந்தது.

இனி "என் வீட்டில்" என்ற சொல்லுக்கு வருவோம். அதிகாரம் எதில் நிற்கிறது என்பதை அந்த ஒரு சொல்லிலேயே அப்பச்சி சொல்லிவிட்டார். எனவே கேட்க வேண்டியது, வீடு யாருடையது?

அப்பச்சி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு என்றால், மேஜரான மகனுக்கு அதில் குடியிருக்கும் உரிமை கிடையாது. அவர் பிரியப்பட்டு வைத்திருக்கும் வரை இருக்கலாம், அவ்வளவே. அந்த வீட்டில் அவர் பேச்சு செல்லும் என்பது நியாயம் மட்டுமல்ல, சட்டமும்தான். இன்னொன்றும் உண்டு. மைனர் பிள்ளைக்குச் சோறும் துணியும் படிப்பும் தர வேண்டியது தகப்பனின் கடமை. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டத்தில் அந்தக் கடமை மகன் மேஜர் ஆகும்வரைதான். மணமாகாத மகள் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதிருந்தால் அவளுக்கு மட்டும் 18க்குப் பிறகும் நீளும். பிறந்த நாளன்று உங்கள் கட்டு அவிழும்போது அவர் கட்டும் அவிழ்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

நடுவில் முற்றமுள்ள பழைய வளவு வீடு என்றால் கதை வேறு. கொள்ளுத்தாத்தா காலத்தில் கட்டி, இன்று வரை பாகப்பிரிவினை ஆகாமல் இருக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு; மகளுக்கும் உண்டு. மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989லேயே வந்த உரிமை, 2005 மத்தியத் திருத்தத்தால் எல்லா மகள்களுக்கும் வந்தது. 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி இல்லை. ஆனால் "தாத்தா சொத்து பேரனுக்கு" என்ற ஊர்ப் பேச்சை நம்பி இறங்காதீர்கள். ஐயா தாமே சம்பாதித்துக் கட்டிய வீடாக இருந்து, அவர் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956 ஜூனுக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பச்சிக்கு வரும் பங்கு அவருடைய தனிச் சொத்து. அவர் இருக்கும்வரை பேரன் அதில் பங்கு கேட்க முடியாது. 1986இல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த விஷயம் இது, இன்றும் டீக்கடைகளில் முடியவில்லை. எது எந்த வகை என்று மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தால்தான் தெரியும். வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். தேட ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டில் ஒரு பிள்ளை மேஜர் ஆனதும் அவனிடம் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஓட்டு இல்லை, கையெழுத்து. வளவைச் சுற்றி வரிசையாக, பங்காளி ஒவ்வொருவருக்கும் என்று இருக்கும் இரட்டை வீடு என்ற அறைகளைப் பாருங்கள்: ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு, ஒவ்வொரு சாவியும் ஒரு பங்காளியிடம், அவரில் ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். வீட்டை விற்கவோ, பிரித்துப் பர்மா தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குக் கொடுக்கவோ வேண்டுமென்றால் அத்தனை பங்குக்காரர்களும் ஒத்து வர வேண்டும். நீங்கள் மைனராக இருக்கும்வரை உங்கள் கையெழுத்து செல்லாது. மைனர் போடும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்பது 1903லேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்தது. மைனரின் தனிச் சொத்தைத் தகப்பனே விற்பதானாலும் முன்கூட்டி நீதிமன்ற அனுமதி வேண்டும். அதனால்தான் "பையனுக்கு 18 ஆகட்டும்" என்று கோப்பு காத்திருக்கும்.

அந்த நாள் வந்ததும் நீட்டப்படும் காகிதம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: விடுதலைப் பத்திரம், பவர் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரம்), பாகப்பிரிவினை. முகப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பத்திர எழுத்தர் விரலால் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டுக்கொண்டே போவதுதான் நடக்கிற தப்பு. விடுதலைப் பத்திரம் பதிவானால் உங்கள் பங்கு போய்விட்டது. மனம் மாறிவிட்டது என்று நீங்களாக ரத்து செய்ய முடியாது. பவரை ரத்து செய்யலாம், ஆனால் ரத்தையும் பதிவு செய்து பவர் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குள் அவர் விற்றது விற்றதுதான். நகலை முதல் நாளே கேளுங்கள். சொத்து விவரப் பட்டியலில் நான்கு எல்லையும், "பிரதிபலன்" என்ற இடத்தில் என்ன தொகையும் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஐந்து லட்சம் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்து கையில் ஒன்றும் வரவில்லை என்றால், கையெழுத்துப் போட்ட பிறகு அதை நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு. "பெரியவர்கள் முன்னால் படித்துப் பார்ப்பது மரியாதையா?" என்பார்கள். பத்திரத்தைப் படிப்பது மரியாதைக் குறைவு இல்லை. வட்டிக்கடை நடத்திய முன்னோர்கள் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

மைனராக இருந்தபோது உங்கள் தனிப் பங்கை அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், மேஜர் ஆனதிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 21 தாண்டினால் கதவு சாத்தப்படும். பிரிக்காத கூட்டுக் குடும்பப் பங்குக்கு விதியும் கெடுவும் வேறு. இதைக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சிவில் பார்க்கும் வக்கீலிடம் காகிதத்தோடு போய்க் கேளுங்கள். பெண்களுக்கும் 18க்கு உட்பட்டவர்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

சொத்தே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்துவது இனிமேல்தான். இன்று அதிகாரம் சாவிக்கொத்தில் இருப்பதைவிட ஓடிபி வரும் ஃபோனில் இருக்கிறது. பேங்க் கணக்கு உங்கள் பெயரில்தான், ஆனால் எண் அப்பச்சியுடையது. கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, ஆதார், எல்லாவற்றுக்கும் ஓடிபி அவர் சட்டைப் பையில் மணியடிக்கிறது. அவர் எதையும் தடுக்க வேண்டியதில்லை, ஃபோனை எடுக்காமல் இருந்தாலே போதும். 18க்குக் கீழ் சிம் உங்கள் பெயரில் தரமாட்டார்கள். ஆகவே மேஜர் ஆனதும் செய்ய வேண்டிய முதல் வேலை உங்கள் பெயரில் சிம். அடுத்து ஆதார் மையத்துக்கு நேரில் போய் அந்த எண்ணைச் சேர்ப்பது; ஆவணம் எதுவும் வேண்டாம், விரல் ரேகை போதும். அதன் பிறகு பேங்க், பிறகு பான். வரிசை மாறினால் வேலை நிற்கும்: ஆதாரில் பழைய எண் இருக்க, பேங்கில் மட்டும் மாற்றினால் ஆன்லைன் கேஒய்சி செய்யும்போது ஓடிபி மறுபடி அப்பச்சிக்கே போகும். 15 வயதில் செய்ய வேண்டிய ரேகைப் புதுப்பிப்பைச் செய்தீர்களா என்றும் பாருங்கள். 17 வரை அது இலவசம். செய்யாமல் விட்டால் சின்ன வயது ரேகை ஒத்துப்போகாமல் மையத்திலேயே திரும்பி வருவீர்கள். மைனரில் எடுத்த பான் அட்டையில் படமும் கையெழுத்தும் இருக்காது. அது அடையாளச் சான்றாகச் செல்லாது, 18க்குப் பிறகு மாற்றி வாங்க வேண்டும்.

இன்னொரு தொல்லை நம் ஊருக்கே உரியது, இனிஷியல். "பழ." என்று எழுதும் வீட்டில் ஆங்கிலத்தில் "பிஎல்" என்று இரண்டெழுத்து, சில வீடுகளில் விலாசம் என்ற குடும்ப முன்னெழுத்தும் சேர்ந்து மூன்று நான்கு எழுத்து. பிறப்புச் சான்றில் இனிஷியலே இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் முன்னால் "பிஎல்", ஆதாரில் பின்னால் வெறும் "பி". பானும் பாஸ்போர்ட்டும் இனிஷியலை ஏற்பதில்லை, தகப்பன் பெயரை முழுதாக விரித்துக் கேட்கும். பழனியப்பன் என்பதை ஒரு காகிதத்தில் ஒரு "என்" போட்டும் இன்னொன்றில் இரண்டு போட்டும் எழுதியிருந்தால் அங்கேயே மாட்டும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு இழுத்து வாருங்கள், ஏனென்றால் அந்தச் சான்றை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

பேங்க் கணக்குக்கு 18 வரை காத்திருக்கவே வேண்டியதில்லை. 10 வயது நிரம்பிய பிள்ளை தானே சேமிப்புக் கணக்கு திறந்து தானே நடத்தலாம் என்று ரிசர்வ் பேங்க் 2025 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எவ்வளவு வைக்கலாம், ஏடிஎம் கார்டு தரலாமா என்பதை அந்தந்த பேங்க் முடிவு செய்யும். கடன் மட்டும் கூடாது. 18 ஆனதும் புதுக் கையெழுத்து மாதிரி கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கணக்கு முடங்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி போகிறவர்களுக்கான தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களின் மாதம் 1000 ரூபாயும் மாணவரின் சொந்தக் கணக்குக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்கின் எண் யாரிடம் என்பதைப் பொறுத்தது, அந்த 1000 யாருடையது என்பது. படிப்புக் கடனுக்கு மட்டும், மேஜர் ஆனாலும், பேங்குகள் பொதுவாகப் பெற்றோரைக் கூட்டுக் கடனாளியாகக் கேட்கும். அப்பச்சியோடு பேச்சை முறித்துக்கொண்டவருக்கு இங்கேதான் கல்லூரி நின்றுபோகிறது.

வண்டி விஷயத்தில் அப்பச்சி சொல்வதுதான் சரி, அவர் பக்கம் நான் முழுதாக நிற்கிறேன். 16 வயதில் உரிமம் உண்டு என்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு. தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. மைனர் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. நான்கு மாத அவசரத்துக்கு ஏழு ஆண்டு விலை. வண்டி ஆத்தா (அம்மா) பெயரில் இருந்தால் கூண்டில் நிற்பது ஆத்தா. யாரையாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் திரும்பக் கேட்கும். 250 வாட்டுக்குக் குறைந்த, மணிக்கு 25 கிலோமீட்டர் தாண்டாத மின் வண்டிக்கு உரிமம் வேண்டாம். ஆனால் கன்ட்ரோலரை மாற்றி 40இல் ஓட விட்டால் அது உரிமம் வேண்டிய வண்டி ஆகிவிடும். 18 அன்று எல்எல்ஆர் போடுங்கள், 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி உரிமம் வாங்குங்கள்.

விடுமுறையில் சம்பாதிக்கலாமா என்றால், 14 முடிந்தவர் அபாயமில்லாத வேலைக்குப் போகலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு மணி ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் 6 மணி, மாலை 7 முதல் காலை 8 வரை கூடாது, ஓவர்டைமும் கூடாது. கல்யாண வீட்டுச் சமையல் விடிகாலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டுவது. 18க்குக் கீழ் உள்ளவரை அதற்கு அழைத்துப் போவது தப்பு.

கல்யாணம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. உங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டு போக வேண்டும். யாராவது ஒரு பெண்பிள்ளைக்கு 18க்கு முன்பே முடித்திருந்தால், அவளே 20 வயதுக்குள் அதைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நடக்கப் போகிறது என்று தெரிந்தால் 1098. புகையிலை 18, மது தமிழ்நாட்டில் 21, ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கு 25. ஒரே நாளில் எல்லாக் கதவும் திறப்பதில்லை என்பதற்காக இவற்றைச் சொன்னேன்.

பிள்ளை தனித்து நிற்க நினைப்பது சினிமா பார்த்து வந்த கெட்ட பழக்கம் என்று வீட்டில் சொன்னால், அது இந்த ஊர் வரலாறு தெரியாத பேச்சு. மீசை அரும்புமுன்பே பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை எடுபிடியாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறி, கிட்டங்கி என்ற கடைக் கட்டடத்தில் படுத்து, கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாள் என்ற துணையாளாகி, கடை நடத்தும் மேலாளாகி, மூன்றாண்டுத் தவணைக்கு அடுத்தவர் பணத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் திறந்தபோது அதை நிறுவிய சிதம்பரம் செட்டியாருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் "வேறு வைப்பது" என்று ஒரு முறை இருந்ததை உங்கள் அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். கல்யாணமான மகனை வீட்டை விட்டு அனுப்பமாட்டார்கள், ஒரே அடுப்பிலும் வைக்கமாட்டார்கள். வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் தனி அடுப்பு. அரிசி, புளி, மிளகாய், பாத்திரம் என்று ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அந்தப் புதுக் குடித்தனம் ஓட வேண்டும். மாமியார் சமையல் ஒரு பக்கம், மருமகள் சமையல் ஒரு பக்கம், நடுவில் ஒரே வளவு. அவன் கோயிலிலும் ஊரிலும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுபவன்; வரியும் தனியாகக் கட்டுவான். அதிகாரத்தையும் கணக்கையும் சேர்த்தே கைமாற்றிய ஏற்பாடு அது, நான் மிகவும் மதிப்பது. குறையும் உண்டு: கல்யாணத்தை வைத்துத்தான் ஆளாக எண்ணினார்கள், ஆகாதவன் எத்தனை வயதானாலும் புள்ளி இல்லை, பெண்ணைத் தனியாக எண்ணவே இல்லை. அந்தக் குறையைத்தான் 18 என்ற எண் சரி செய்கிறது.

அப்பச்சியிடம் "என்னை விடுங்கள்" என்று கேட்பதற்குப் பதில் "என்னை வேறு வையுங்கள்" என்று கேளுங்கள். அந்தச் சொல் அவருக்குப் புரியும். பஸ், ஃபோன் ரீசார்ஜ், புத்தகம், துணிமணி, வெளிச்சாப்பாடு, இந்த ஐந்துக்கும் போன ஆண்டு வீட்டில் உங்களுக்காக ஆன செலவை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகையை மூன்று தவணையாக உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். அடுத்த தவணைக்கு முன் தீர்ந்துபோனால் நீங்கள் கேட்கக் கூடாது. மிச்சம் இருந்தால் எதற்கு என்று அவர் கேட்கக் கூடாது. கணக்கை நோட்டில் எழுதி வையுங்கள், அவர் கேட்காமலே காட்டுங்கள். கல்லூரித் தேர்வைப் பற்றிய பேச்சை இதற்குப் பிறகு எடுங்கள், முன்பு வேண்டாம்.

எல்லா வீட்டிலும் பேச்சு எடுபடாது என்பதும் தெரியும். மேஜரை அறையில் பூட்டி வைப்பதும், சான்றிதழ்களைப் பிடுங்கி வைப்பதும், அடிப்பதும் தகப்பன் உரிமையில் வராது. ஆபத்து என்றால் 112, பெண்கள் 181. வெளியேறியே ஆக வேண்டிய நிலை என்றால் வயதுச் சான்றின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். "காணவில்லை" என்று புகார் வந்து தேடிப் பிடித்தாலும், மேஜரின் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு அவர் விருப்பப்படி விடுவதுதான் முறை. அடைத்து வைக்கப்பட்டவருக்காக நண்பர் ஒருவர்கூட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீடு அந்த நிலையில் இல்லை.

நான்கு மாதம் சும்மா போக வேண்டாம். 17 முடிந்தவர் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது உங்கள் 18க்குப் பிறகு முதலில் வருகிறதோ அப்போது பெயர் சேரும். பிறப்புச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றோ, முகவரிச் சான்று, ஒரு படம் போதும். பெற்றோரின் பெயர் கேட்பார்கள். கையெழுத்து உங்களுடையது மட்டும்.